காய்ச்சலுக்கு என்ன ஆதாரம்?

எங்கள் வீட்டு பீரோவில் ஒரு மஞ்சள் பை இருக்கிறது. ரேஷன் கார்டு, ஈபி அட்டை, என் பத்தாவது மார்க் ஷீட், அப்பாவின் பிஎஃப் ஸ்லிப்... வீட்டின் மொத்த சரித்திரமும் அதற்குள்தான். போன மாதம் அதில் எதையோ தேடிக்கொண்டிருந்த அப்பா, இரண்டு காகிதங்களை வெளியே எடுத்துக் கட்டில் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் 2023 நவம்பர் தேதி போட்டவை.

ஒன்று, எங்கள் தெரு முனை கிளினிக்கில் கொடுத்த மருந்துச் சீட்டு. மாத்திரை பெயர்கள், கீழே கோழி கிறுக்கின மாதிரி "காய்ச்சல், ஓய்வு". அது அப்பாவுடையது. இன்னொன்று ஒரு ஜெராக்ஸ். லெட்டர்ஹெட், ரப்பர் ஸ்டாம்ப், டாக்டரின் பதிவு எண் எல்லாம் பளிச்சென்று இருந்தது. இன்னார் டைபாய்டு காய்ச்சலால் 10 நாட்கள் பாதிக்கப்பட்டு, தற்போது நலமாகக் கல்லூரிக்குச் செல்லத் தகுதியுடன் இருக்கிறார் என்று அதில் எழுதியிருந்தது. அந்த இன்னார் நான்.

"உனக்கு எப்படா டைபாய்டு வந்துச்சு?" என்றார் அப்பா.

பதில் சொல்ல முடியவில்லை. அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். என்னோடு படிக்கிற பாதிப் பேர் வரும் ஜூனில் சிப்காட் கேட் முன்னாடி பயோடேட்டாவோடு நிற்கப் போகிறோம். அதனால் கொஞ்சம் சட்டமும் கணக்கும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பி.காம் படிக்கிறவன் வேறு என்ன எழுதுவான் :-)

முதலில் என் டைபாய்டு. 2023 அக்டோபர், நவம்பரில் இந்தியாவில் உலகக் கோப்பை கிரிக்கெட் நடந்தது ஞாபகம் இருக்கும். மேட்ச் மதியம் 2 மணிக்கு. என் வகுப்பும் மதியம்தான். எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நவம்பர் 19 பைனலில் இந்தியா தோற்றது, அதே வாரம் போர்டில் ஒட்டிய அட்டெண்டன்ஸ் லிஸ்டில் நானும் தோற்றேன். 68 சதவீதம். 75 இல்லாவிட்டால் கண்டனேஷன் பணம் கட்டணும், கூடவே மெடிக்கல் சர்டிபிகேட் வைக்கணும். சீனியர் ஒருவர் ஓர் இடத்தைக் காட்டினார். அங்கே போனேன். நாடி பார்க்கவில்லை, நாக்கை நீட்டச் சொல்லவில்லை. "எத்தனை நாள் வேணும்?" என்று மட்டும் கேட்டார்கள். 100 ரூபாய். காலேஜ் ஆபீஸில் ஸ்டாம்ப் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். முடிந்தது கதை.

அதே தீபாவளி முடிந்த வாரத்தில்தான் அப்பாவுக்குக் காய்ச்சல். நிஜக் காய்ச்சல். அப்பா ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் இருக்கிறார். பெயர் வேண்டாம். முதல் நாள் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். காரணம், ஒரு மாதம் முழுக்க லீவு போடாமல் வந்தால் 1,000 ரூபாய் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ். காய்ச்சலோடு பவர் பிரஸ் முன்னாடி நிற்பது என்றால் என்ன என்று அந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கண் ஒரு நொடி சொக்கினால் விரல் போய்விடும். அந்த 1,000 ரூபாய் ஒழுங்காக வருகிறவனுக்குக் கொடுக்கும் பரிசு என்கிறார்கள். காய்ச்சல்காரனை மெஷினுக்கு இழுத்து வருகிற கயிறும் அதுதான்.

இரண்டாம் நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. அம்மா ஆட்டோ வைத்துத் தெரு முனை கிளினிக்குக் கூட்டிப் போனாள். ரத்தம் எடுத்தார்கள், தட்டணுக்கள் குறைந்திருக்கிறது என்றார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள். ஆக மொத்தம் 9 நாள் படுக்கை. பத்தாம் நாள் அந்த மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். டைம் ஆபீஸில் சொன்னது இவ்வளவுதான்: "இது செல்லாது. ஈஎஸ்ஐ டாக்டர் சர்டிபிகேட் கொண்டாங்க." "அப்போ ஈஎல்ல கழிச்சுக்கோங்க சார்" என்றிருக்கிறார் அப்பா. "ஈஎல் வேணும்னா 15 நாள் முன்னாடி எழுதிக் கொடுக்கணும். காய்ச்சல் வரப்போறது முன்னாடியே தெரியாதா?" என்று சிரித்தார்களாம். அப்பாவும் சிரித்துவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார்.

ஈஎஸ்ஐ போய்க் கேட்டிருக்கலாமே என்று அப்போது நானே கேட்டேன். "அதுக்கு இன்னொரு நாள் லீவு போடணும்டா" என்றார்.

இப்போது கணக்கு. அப்போது அப்பாவின் சம்பளம் 18,000. ஒரு நாளைக்கு 600. நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து 9 நாள் சம்பளம் 5,400 போச்சு. அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் 1,000 போச்சு. மொத்தம் 6,400. கிளினிக் செலவு தனி. உண்மையான காய்ச்சலுக்கு 6,400 ரூபாய் நஷ்டம், பொய்க் காய்ச்சலுக்கு 100 ரூபாய் செலவு. இந்த இரண்டு காகிதமும்தான் இரண்டரை வருஷமாக ஒரே பைக்குள் கிடந்திருக்கின்றன.

இதெல்லாம் விதி என்று நானும் விட்டிருப்பேன். இந்த வருஷம் தொழிலாளர் சட்டம் ஒரு பேப்பராக வந்தது. அதில் 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 79-வது பிரிவைப் படிக்கும்போது தூக்கிவாரிப் போட்டது.

அந்தச் சட்டப்படி ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு, அடுத்த வருஷம் 20 நாளைக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு லீவு உண்டு. எடுக்காத லீவை 30 நாள் வரை சேர்த்து வைக்கலாம். லீவு வேண்டுமென்றால் 15 நாள் முன்னாடி எழுதிக் கொடுக்கணும். டைம் ஆபீஸில் சொன்னது இதுவரை சரி. ஆனால் அதே பிரிவில் கொஞ்சம் கீழே 7-வது உட்பிரிவு இருக்கிறது. உடம்பு சரியில்லாத நாட்களுக்கு ஈடாக ஒருவர் இந்த லீவைக் கேட்டால், 15 நாள் முன்னாடி எழுதித் தரவில்லை என்றாலும் கொடுக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. காய்ச்சல் முன்கூட்டியே சொல்லிவிட்டு வராது என்பது 1948-லேயே சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 2023-ல் அந்தச் சட்டம்தான் நடைமுறையில் இருந்தது. அப்பா கணக்கில் ஈஎல் இருந்தது. 5,400 ரூபாய் போயிருக்கவே வேண்டாம்.

டைம் ஆபீஸ்காரர் பொய் சொன்னாரா, அவருக்கே தெரியாதா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அவரும் எங்களை மாதிரி ஒரு பி.காம்காரர்தான். நாளைக்கு அந்த நாற்காலியில் நாம்தான் உட்காரப் போகிறோம். அதனால்தான் பயமாக இருக்கிறது.

இன்னொரு விஷயமும் கவனித்தேன். தொழிற்சாலைகள் சட்டம் முழுக்கத் தேடினாலும் 'சிக் லீவ்' என்று தனியாக ஒன்று கிடையாது. ஆனால் 1947-ம் வருடத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கிறது. பாகலூர் ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறவருக்குச் சட்டப்படி வருஷத்துக்கு 12 நாள் உடம்பு சரியில்லாத லீவு, 12 நாள் தற்செயல் லீவு, ஒரு வருஷம் முடித்தபின் 12 நாள் விடுமுறை, மூன்றுமே சம்பளத்தோடு. (அந்தக் கடைக்காரர் கொடுக்கிறாரா என்பது வேறு கதை.) பிரஸ் ஷாப்பில் நிற்பவருக்கு ஏன் அது இல்லை? அவருக்குத்தான் ஈஎஸ்ஐ இருக்கிறதே என்பது பதில்.

ஈஎஸ்ஐ என்பது தருமம் இல்லை, நாம் காசு கட்டுகிற இன்சூரன்ஸ். 1944-ல் பேராசிரியர் அடார்கர் கொடுத்த அறிக்கையிலிருந்து பிறந்தது. 1948-ல் சட்டம், 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடக்கம். 2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 18,000 சம்பளத்துக்கு அப்பா கட்டுவது மாதம் 135, கம்பெனி கட்டுவது 585. மொத்தம் 720. இதற்குப் பதிலாக, ஈஎஸ்ஐ டாக்டர் சான்று கொடுத்தால் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், வருஷத்தில் 91 நாள் வரை கிடைக்கும். முதல் இரண்டு நாள் காத்திருப்பு, அதற்குப் பணம் இல்லை. அப்பாவுக்கு 600-ல் 70 சதவீதம் 420. 7 நாளைக்கு 2,940 ரூபாய். முதல் நாளே தெரு முனைக்குப் பதிலாக ஈஎஸ்ஐ போயிருந்தால் இந்தப் பணம் வந்திருக்கும். ஆனால் 103 டிகிரியில் துவண்டு கிடக்கிற மனிதனை வைத்துக்கொண்டு அம்மா சட்டம் பார்ப்பாளா, பக்கத்து டாக்டரைப் பார்ப்பாளா?

டாக்டர் சீட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்கிற சண்டை நம் ஊரில் புதிது இல்லை. சென்னை பெரம்பூர் பி அண்ட் சி மில் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே வேலை செய்த வெங்கடையா என்பவர் 1957 ஜனவரியில் லீவில் ஊருக்குப் போனார், குறித்த நாளில் திரும்பவில்லை. மார்ச்சில் அரசு டாக்டர் கொடுத்த சான்றோடு வந்தார். மில் டாக்டர் பார்த்துவிட்டு, இத்தனை நாள் நோயாக இருந்தார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். மில்லின் நிலையாணைப்படி 8 வேலை நாள் தொடர்ந்து சொல்லாமல் வராவிட்டால் தானே வேலையை விட்டுப் போனதாக அர்த்தம். வேலை போனது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே நோய்க்கு ஈஎஸ்ஐ பணம் கொடுத்துவிட்டது. ஒரே காகிதம்... ஓர் ஆபீஸில் செல்லும், இன்னோர் ஆபீஸில் செல்லாது!

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1963-ல் தீர்ப்பு வந்தது. நோய்க்காலத்தில் ஒருவரை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று ஈஎஸ்ஐ சட்டத்தின் 73-வது பிரிவு சொன்னதே என்று தொழிலாளி தரப்பு கேட்டது. இது முதலாளி கொடுத்த தண்டனை இல்லை, நிலையாணைப்படி தானாக அறுந்துபோன வேலை, அதனால் அந்தப் பிரிவு பொருந்தாது என்றது நீதிமன்றம். மில் ஜெயித்தது.

30 வருஷம் கழித்து, 1993-ல், டி.கே. யாதவ் எதிர் ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி பேசியது. 8 நாள் வரவில்லை என்று நிலையாணையைக் காட்டி ஒருவரின் பிழைப்பைத் தானாக அறுத்துவிட முடியாது, விசாரித்து அவர் பக்கத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்றது. ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கணும் என்பதை நிலைநாட்ட 30 வருஷம் ஆகியிருக்கிறது.

வெளிநாட்டில் எப்படி என்று பார்த்தேன். இங்கிலாந்தில் 7 நாள் வரை டாக்டர் சீட்டே வேண்டாம், உடம்பு சரியில்லை என்று தொழிலாளி தானே சொன்னால் போதும். ஜெர்மனியில் பொதுவாக மூன்று நாளைத் தாண்டினால்தான் சான்று, அதையும் 2023-லிருந்து கம்பெனி கம்ப்யூட்டர் வழியாகவே எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் பொதுவான சம்பளத்தோடு கூடிய சிக் லீவ் சட்டமே இல்லை. ஆக, இதில் பணக்கார நாடு ஏழை நாடு என்று ஒரே கோடு போட முடியாது. மனிதன் சொல்வதை எவ்வளவு தூரம் நம்புவது என்று ஒவ்வோர் ஊரும் ஒரு முடிவு எடுத்து வைத்திருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன். ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகா. தமிழ்நாட்டில் சட்டப்படி தொழிற்சாலைகளுக்கு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அதோடு 5 பண்டிகை நாட்கள், மொத்தம் 9. கர்நாடகாவில் இவற்றோடு நவம்பர் 1 ராஜ்யோத்சவமும் சேர்ந்து 10. அன்றைக்கு பொம்மசந்திராவில் வேலை பார்க்கும் என் மாமா வீட்டில் தூங்குவார், சிப்காட்டில் வேலை பார்க்கும் அப்பா டிபன் பாக்ஸோடு கிளம்புவார். இரண்டு பேரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள் :-)

சரி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கம்பெனிக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஒரு மனிதன் 9 நாள் இளைத்து வந்து நிற்கிறான், முகத்தைப் பார்த்தால் தெரியாதா, பேப்பர் எதற்கு என்று. ஆனால் அந்த இரண்டு காகிதத்தையும் சேர்த்துப் பார்த்த பிறகு அந்தக் கோபத்தை முழுசாக வைத்துக்கொள்ள முடியவில்லை. அவர்கள் ஏன் தெரு முனைச் சீட்டை நம்ப மறுக்கிறார்கள்? 100 ரூபாய்க்கு டைபாய்டு விற்கிற இடம் இருக்கிறது, வாங்க என்னை மாதிரி ஆள் இருக்கிறான் என்று அவர்களுக்குத் தெரிந்திருப்பதால். நான் கிரிக்கெட் பார்க்க வாங்கிய பொய்ச் சீட்டு, அப்பாவின் நிஜச் சீட்டின் மதிப்பைக் குறைத்துவிட்டது. காமர்ஸில் சொல்வார்களே, கள்ள நோட்டு புழங்கினால் நல்ல நோட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள் என்று, அந்த மாதிரி.

அதற்காகக் கம்பெனி செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. சட்டத்தில் இருந்த ஈஎல்லைக் கொடுக்காதது தப்புதான். பொய்யைப் பிடிக்கப் போட்ட வலையில் பொய்க்காரன் மாட்டுவதில்லை. அவன் ஸ்டாம்போடு வருகிறான். எந்தச் சீட்டு வாங்கணும், எங்கே போகணும் என்று தெரியாத நிஜ நோயாளிதான் மாட்டுகிறான்.

ஜூனில் வேலைக்குச் சேரப்போகிற நண்பர்களுக்குச் சில விஷயங்கள்.

முதலாவது, நாங்கள் பாடம் படித்துக்கொண்டிருக்கும்போதே சட்டம் மாறிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 240 நாள் என்பது 180 நாளாகக் குறைந்திருக்கிறது. 20 நாளைக்கு ஒரு நாள் என்பது அப்படியே இருக்கிறது. "பரீட்சைக்கு சிலபஸ்ல இருக்கறத எழுதுங்க, வேலைக்குப் போனா புதுசப் படிங்க" என்றார் எங்கள் சார்.

இரண்டாவது, சம்பளம் 21,000-க்குள் என்றால் ஈஎஸ்ஐ. சேர்ந்தவுடன் வைத்தியம் கிடைக்கும். ஆனால் நோய்க்காலப் பணம் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் 9 மாதம் கிடைக்காது. அதன்பின் 6 மாதக் கட்டண காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா இருந்தால்தான். அதனால் முதல் வருஷம் கையில் கொஞ்சம் காசு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஆபர் லெட்டரில் 'அப்ரெண்டிஸ்' என்று இருந்தால் நன்றாகப் படியுங்கள். அப்ரெண்டிஸ் சட்டப்படி எடுக்கப்பட்டவர்களுக்கு ஈஎஸ்ஐ கிடையாது. அவர்களுக்கு லீவு எத்தனை, உடம்பு சரியில்லை என்றால் யார் பொறுப்பு என்று சேரும் முன்னே கேளுங்கள். கேட்டால் வேலை தரமாட்டார்களோ என்ற பயம் எனக்கும் உண்டு. இருந்தாலும் கேளுங்கள்.

நான்காவது, காய்ச்சல் என்றால் முதல் நாளே போனில் ஒரு மெசேஜ் சூப்பர்வைசருக்கு. முடிந்தால் அன்றே ஈஎஸ்ஐ. முடியாமல் தனியார் டாக்டரிடம் போனால் சீட்டில் தேதி, நோய், எத்தனை நாள் ஓய்வு என்று தெளிவாக எழுதி வாங்குங்கள்.

ஐந்தாவது... 100 ரூபாய் சீட்டு வாங்காதீர்கள். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

அன்றைக்கு அப்பாவிடம் கடைசியில் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் அந்த ஜெராக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு 79-வது பிரிவு பற்றியும் சொன்னேன். உங்கள் ஈஎல் அப்போதே கொடுத்திருக்கணும்ப்பா என்று. "அது அப்பவே தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அந்த மாதம்தான் என் கண்டனேஷன் பணத்தை அவர் யாரிடமோ கைமாற்று வாங்கிக் கொடுத்தார். அது எனக்கு அப்போது தெரியாது.

இரண்டு காகிதத்தையும் மடித்து மறுபடி அதே மஞ்சள் பைக்குள் வைத்துவிட்டார். என்னுடையதையாவது கிழித்துப் போட்டிருக்கலாம். "இருக்கட்டும். நாளைக்கு நீ ஆபீஸ்ல உக்காந்து யார்கிட்டயாச்சும் சீட்டு கேப்ப இல்ல, அப்ப எடுத்துப் பாத்துக்கோ" என்றார்.